மோட்டார் கார்ப் பழுதுபார்ப்பு: பட்டறைத் திறனும் மின்னணுக் கருவியும்

கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில் உள்ள பங்காருபேட்டை, சென்னை–பெங்களூர் இருப்புப்பாதையில் அமைந்த ஒரு சந்திப்பு ஆகும். மைசூர் ஆணையராக இருந்த பௌரிங் என்பவரின் பெயரால் இவ்வூர் முன்னர் பௌரிங்பேட்டை என வழங்கிற்று. கோலார் தங்கவயலுக்குச் செல்லும் கிளைப்பாதை இங்கிருந்தே பிரிகிறது. தங்கவயலின் சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்றவை. அவற்றின் தூக்கு இயந்திரங்களும், நீரிறைக்கும் பம்புகளும், காற்றழுத்திகளும் இரவு பகலாக இயங்க வேண்டியிருந்தது. 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து இங்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. இயந்திரம் ஒரு நாள் நின்றால் உற்பத்தியும் நின்றுவிடும். எனவே சுரங்கப் பட்டறைகளில் கடைசல், வார்ப்பு, பொருத்துதல் ஆகிய தொழில்கள் வளர்ந்தன. 1964ஆம் ஆண்டில் தோன்றிய பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை இங்கு நிறுவப்பட்டதும் இத்திறன் மேலும் விரிவடைந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும், இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்துச் சீர்செய்யும் பழக்கம் இவ்வட்டாரத்து மக்களிடம் ஒரு செல்வமாக எஞ்சி நின்றது.

இத்தகைய வட்டாரங்களிலேயே இன்று ஒரு புதிய கேள்வி எழுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் காரின் உரிமையாளர் தாமே செய்துகொண்ட பழுதுகளையும், சாலையோரப் பட்டறையில் ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலைகளையும் இப்போது தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற சேவை நிலையத்திலேதான் செய்ய வேண்டியுள்ளது. எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் எல்லாச் சிற்றூர்களிலும் சேவை நிலையம் இருப்பதில்லை. இந்நிலைக்குக் காரணம் தொழில்நுட்ப வளர்ச்சியா, அல்லது தொழில்நுட்பத்தைச் சுற்றி எழுப்பப்பட்ட வேலியா என்பதை ஆராய்தல் அவசியம். இரண்டும் கலந்தே உள்ளன. முதலாவதைக் கல்வியினாலும் பயிற்சியினாலும் எதிர்கொள்ள வேண்டும். இரண்டாவதைச் சட்டத்தினால் நீக்க இயலும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் தவறான தீர்வுகள் முன்வைக்கப்படுகின்றன.

பழைய காரின் அமைப்பு

சுதந்திரத்துக்குப் பின் இந்தியச் சாலைகளில் ஓடிய கார்கள் மிகச் சிலவே. 1950களின் இறுதியில் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மாதிரியை அடிப்படையாகக் கொண்டு உத்தரபாராவில் தயாரிக்கப்பட்ட அம்பாசிடர், பம்பாயில் தயாரான பியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவையே பல ஆண்டுகள் சந்தையில் இருந்தன. மாதிரிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறவில்லை. ஒரு மாதிரியைக் கற்ற மெக்கானிக்கிற்கு அக்கல்வி வாழ்நாள் முழுதும் பயன்பட்டது. உதிரிப் பாகங்கள் சிற்றூர்க் கடைகளிலும் கிடைத்தன.

அக்கார்களில் எரிபொருளையும் காற்றையும் கலக்கும் வேலையைக் கார்பரேட்டர் செய்தது. தீப்பொறியை உரிய நேரத்தில் வழங்கும் வேலையை டிஸ்ட்ரிபியூட்டர் செய்தது. அதனுள் இருந்த பாயிண்ட்களின் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒரு ஃபீலர் கேஜும், ஸ்குரூ டிரைவரும், உப்புத்தாளும் இருந்தால் உரிமையாளரே அதைச் சரிசெய்துவிடலாம். என்ஜின் இடைவிட்டு ஓடினால் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பர். அதன் முனை கறுத்திருந்தால் எரிபொருள் மிகுதி என்றும், வெளுத்திருந்தால் எரிபொருள் குறைவு என்றும் அறிந்துகொள்வர். காரணமும் விளைவும் கண்ணுக்குத் தெரிந்தன, காதுக்குக் கேட்டன, மூக்குக்கு மணத்தன. பழுதறியும் கருவி மனிதனின் ஐம்புலன்களே ஆகும். 1983ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரும் தொடக்கத்தில் கார்பரேட்டர் கொண்டதாகவே இருந்தது.

எனினும், பழைய காரைப் பற்றி மிகையாகப் புகழ்தல் பொருந்தாது. அதற்கு அடிக்கடி கவனிப்புத் தேவைப்பட்டது. பாயிண்ட்கள் தேய்ந்தன, கார்பரேட்டரில் அழுக்குச் சேர்ந்தது, எரிபொருள் வீணாயிற்று, புகை மிகுந்தது. உரிமையாளர்கள் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம், கற்றுக்கொள்ளாமல் வண்டியை ஓட்ட முடியாது என்பதே.

மாற்றத்தின் காரணங்கள்

காரினுள் மின்னணுச் சாதனங்கள் புகுந்ததற்கு முதற் காரணம் காற்று மாசு. வாகனப் புகைக்கான கட்டுப்பாடுகள் 1990களில் தொடங்கி, 2000ஆம் ஆண்டிலிருந்து பாரத் நிலை என்னும் வரிசையில் படிப்படியாகக் கடுமையாக்கப்பட்டன. பாரத் நிலை 4 விதிகள் 2010ஆம் ஆண்டில் பெருநகரங்களிலும், 2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாடு முழுவதிலும் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாம் நிலையைத் தாண்டி, ஆறாம் நிலை விதிகள் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் அமலுக்கு வந்தன. எரிபொருளில் இருக்கத்தக்க கந்தகத்தின் அளவு பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது.

புகையில் உள்ள நச்சு வாயுக்களை மாற்றும் வினையூக்கிச் சாதனம் நன்கு செயற்பட, காற்றும் பெட்ரோலும் எடையளவில் ஏறத்தாழ 14.7க்கு 1 என்ற விகிதத்தில் கலக்கப்பட வேண்டும். என்ஜினின் வேகம், சுமை, வெப்பம் ஆகியவை நொடிக்கு நொடி மாறும்போதும் இவ்விகிதம் பிறழாமல் இருத்தல் வேண்டும். கார்பரேட்டரால் இது இயலாது. ஆகவே சென்சார்கள் அளந்து கூற, ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி கணக்கிட்டு, இன்ஜெக்டர்கள் எரிபொருளைச் செலுத்தும் முறை வந்தது.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், ஓட்டுநருக்கான காற்றுப்பையும் 2019ஆம் ஆண்டில் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டன. இவையும் தனித்தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைக் கொண்டவை. இப்பெட்டிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ள, 1986ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘கேன்’ என்னும் தகவல் இணைப்பு முறை பயன்படுகிறது. இதனால் ஒரு சக்கரத்திலுள்ள வேக சென்சார் பழுதானால், அதன் விளைவு பிரேக்கிலும் கியரிலும் வேகமானியிலும் ஒரே நேரத்தில் தோன்றக்கூடும்.

தூய காற்றும் உயிர்ப் பாதுகாப்பும் பொதுநலன்கள். அவற்றை விட்டுக்கொடுத்துப் பழைய எளிமைக்குத் திரும்ப வேண்டும் என்று எவரும் கோர முடியாது. இந்த அளவில் பழுதுபார்ப்பின் கடினம் தவிர்க்க இயலாத ஒன்றே.

குறியீடு கூறுவதும் கூறாததும்

இன்றைய கார் தன் பழுதைத் தானே ஓரளவு கண்டறிந்து பதிவு செய்கிறது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிகள் முதல், ஓட்டுநர் இருக்கைக்கு முன்புறம் 16 ஊசிகள் கொண்ட ஒரே வகையான இணைப்பு வாய் கட்டாயமாயிற்று. இந்தியாவில் இம்முறை 2010ஆம் ஆண்டிலிருந்து இரு கட்டங்களாக விதிகளில் இடம்பெற்றது. ஸ்கேனர் என்னும் கருவியை இவ்வாயில் பொருத்தினால் பழுதுக் குறியீடு திரையில் தோன்றும்.

குறியீட்டின் முதல் எழுத்து, பழுது எப்பகுதியில் உள்ளது என்பதைக் காட்டும். ‘பி’ எனில் என்ஜினும் கியரும். ‘சி’ எனில் அடிச்சட்டப் பகுதி. ‘பு’ என்று ஒலிக்காமல் ஆங்கில இரண்டாம் எழுத்தாக வருவது உடற்பகுதி. ‘யு’ எனில் தகவல் இணைப்பு. அடுத்து வரும் இலக்கம் மிக முக்கியமானது. அது 0 ஆயின் அக்குறியீடு எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவானது. எந்தக் கைநூலிலும் அதன் பொருளைக் காணலாம். அது 1 ஆயின் அது தயாரிப்பாளரின் சொந்தக் குறியீடு. அவர் வெளியிட்டாலன்றி அதன் பொருள் விளங்காது. பொது அறிவுக்கும் மூடிய அறிவுக்கும் இடையிலுள்ள எல்லை இந்த ஓர் இலக்கத்தில் அமைந்துள்ளது எனலாம்.

பொதுக் குறியீடும் நோயின் பெயரைக் கூறுவதில்லை. அறிகுறியை மட்டுமே கூறுகிறது. எடுத்துக்காட்டாக, ‘பி 0171’ என்னும் குறியீடு, என்ஜினுக்குச் செல்லும் கலவையில் எரிபொருள் குறைவு என்று அறிவிக்கிறது. இதற்குக் காற்றுக் குழாயில் ஏற்பட்ட விரிசல் காரணமாகலாம், காற்றை அளக்கும் சென்சாரில் தூசு படிந்திருக்கலாம், எரிபொருள் பம்பு வலுவிழந்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைபட்டிருக்கலாம். குறியீட்டைக் கண்டவுடன் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடும் பழக்கம் உரிமையாளருக்குப் பெரும் செலவை உண்டாக்குகிறது, பழுதும் நீங்குவதில்லை. காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கி உண்மைக் காரணத்தை அடையும் சிந்தனை முறையே இங்குத் தேவைப்படுகிறது. பழைய மெக்கானிக்கிடம் இருந்த திறனும் அதுவே. அது வழக்கிழந்துவிடவில்லை, புதிய அளவீடுகளோடு இணைய வேண்டியுள்ளது.

கைப்பழக்கம் ஆபத்தாகும் இடங்கள்

சில இடங்களில் பழைய பழக்கம் உதவாததோடு தீங்கும் விளைவிக்கும். பழைய டீசல் என்ஜினில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, என்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். இன்றைய காமன் ரெயில் டீசல் என்ஜினில் எரிபொருளின் அழுத்தம் 1,600 பார் அளவுக்கும் மேலே செல்லக்கூடும். அங்கு அவ்வாறு நட்டைத் தளர்த்தினால், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலினுள் புகுந்துவிடும். காயம் ஊசிமுனை அளவே தோன்றினாலும், உடனடி அறுவை மருத்துவம் பெறாவிடில் கையையே இழக்க நேரலாம்.

காற்றுப்பை வெடிமருந்தின் துணையால் விரிவது. மின்கலத் தொடர்பைத் துண்டித்து, தயாரிப்பாளர் கூறும் நேரம் வரை காத்திராமல் அதன் கம்பிகளைத் தொடுதல் கூடாது. மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கம்பிகள் பல நூறு வோல்ட் மின்னழுத்தம் கொண்டவை. முறையான பயிற்சியும் காப்புக் கையுறையும் இன்றி அவற்றை அணுகுவது உயிருக்கே கேடு.

இவற்றை விலக்கிய பின்பும், உரிமையாளர் தாமே செய்யத்தக்க பணிகள் கணிசமாக உள்ளன. என்ஜின் ஆயில் அளவு, டயரின் காற்றழுத்தம், என்ஜின் ஆறிய நிலையில் குளிர்நீர் அளவு ஆகியவற்றைப் பார்த்தல், காற்று வடிகட்டியைத் தூய்மை செய்தல் அல்லது மாற்றுதல், பியூஸ், விளக்கு, வைப்பர் ஆகியவற்றை மாற்றுதல், மின்கல முனைகளில் படியும் உப்பை நீக்குதல், சக்கரம் மாற்றுதல் ஆகியன அவை. வாகனத்துடன் வழங்கப்படும் கையேட்டில் இவை விளக்கப்பட்டிருக்கும். இவற்றைத் தவறாமல் செய்வதால் பெரிய பழுதுகளுள் பல வராமலே தடுக்கப்படும்.

செயற்கைத் தடைகள்

இதுவரை கூறப்பட்டவை தொழில்நுட்பத்தின் இயல்பால் எழும் தடைகள். வேறொரு வகைத் தடையும் உண்டு. காமன் ரெயில் என்ஜினில் புதிய இன்ஜெக்டரைப் பொருத்தியபின், அதற்குரிய அளவீட்டு எண்ணைக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். மின்னியக்கக் கைப்பிரேக் உள்ள காரில் பின்சக்கரப் பிரேக் பேடை மாற்ற, பல மாதிரிகளில் ஸ்கேனரின் ஆணையால் பிரேக்கைப் பின்னிழுக்க வேண்டும். சாவி தொலைந்தால் புதிய சாவியைக் காருக்கு அறிமுகம் செய்விக்க வேண்டும். இவ்வேலைகளில் ஸ்பேனர் பிடிப்பது எளிது. ஆணையிடும் மென்பொருளும் விவரக் குறிப்புமே கிடைப்பதில்லை. திறமையுள்ள தொழிலாளியும் பாதி வேலையில் நின்றுவிடுகிறார்.

இப்பிரச்சினை இந்தியாவில் 2011ஆம் ஆண்டு ஜனவரியில் போட்டி ஆணையத்தின் முன் ஒரு நுகர்வோரின் புகாராக வந்தது. அசல் உதிரிப் பாகங்களும், பழுதறியும் கருவிகளும், தொழில்நுட்பக் கையேடுகளும் சுதந்திரமான பட்டறைகளுக்குக் கிடைப்பதில்லை என்பதே புகார். மூன்று நிறுவனங்கள் மீது தொடங்கிய விசாரணை பின்னர் 17 நிறுவனங்களுக்கு விரிந்தது. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் ஆணையம் 14 கார்த் தயாரிப்பாளர்கள் மீது மொத்தம் ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் தண்டம் விதித்தது.

ஆணையத்தின் தர்க்கம் மாணவர்கள் கவனிக்கத்தக்கது. கார் விற்பனையில் பல நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. ஆனால் ஒருவர் ஒரு காரை வாங்கியபின், அதற்கு வேறு நிறுவனத்தின் பாகங்களைப் பொருத்த முடியாது. ஆகவே தன் காருக்கான உதிரிப் பாகச் சந்தையில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஏகபோக நிலையில் இருக்கிறார். அந்நிலையைக் கொண்டு பிற பட்டறைகளைத் தடுப்பது போட்டிச் சட்டத்துக்கு முரணானது என ஆணையம் முடிவு செய்தது. அறிவுச் சொத்துரிமையைக் காக்கவே இக்கட்டுப்பாடுகள் தேவை என்ற வாதத்தையும் அது ஏற்கவில்லை. உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யுமாறும், வெளிப்பட்டறையில் வேலை செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக உரிமையாளரின் உத்தரவாதத்தை முழுவதும் ரத்து செய்யலாகாது என்றும் அது பணித்தது. வெளிப்பட்டறையின் குறைபாடான வேலையால் சேதம் விளைந்திருந்தால், அந்த அளவுக்கே உத்தரவாதம் மறுக்கப்படலாம்.

மூன்று நிறுவனங்களின் மேல்முறையீட்டில், 2016ஆம் ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் விதிமீறல் பற்றிய முடிவை உறுதிசெய்து, தண்டத்தைக் குறைத்தது. விவகாரம் நீதிமன்றங்களுக்கும் சென்றது. இதனிடையே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022ஆம் ஆண்டு ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், தேசிய நுகர்வோர் தினத்தன்று, இதற்கான தகவல் தளம் தொடங்கப்பட்டது. வேளாண் கருவிகள், கைப்பேசி முதலிய மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை அது உள்ளடக்குகிறது. எனினும் ஒரு தளத்தில் தகவல் இருப்பதற்கும், தகவலைத் தராதவர் மீது நடவடிக்கை எடுக்கத்தக்க தனிச் சட்டம் இருப்பதற்கும் வேறுபாடு உண்டு.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் 2012ஆம் ஆண்டில் பெரும்பான்மை வாக்குகளால் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தை ஆதரித்தனர். கம்பியின்றித் தயாரிப்பாளருக்குச் செல்லும் வாகனத் தகவல்களையும் 2020ஆம் ஆண்டு வாக்கெடுப்பு அதன்கீழ்க் கொணர்ந்தது. ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பின் வழிவந்த ஐரோப்பிய ஒன்றியத்தில், பழுதுபார்ப்புத் தகவலைச் சுதந்திரமான பட்டறைகளுக்கும் அளிப்பது வாகன மாதிரிக்கு ஒப்புதல் பெறுவதற்கான நிபந்தனைகளுள் ஒன்றாக உள்ளது. ஆஸ்திரேலியாவில் 2022ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து இதற்கெனத் தனிச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அங்குத் தகவல் இலவசமன்று. நியாயமான விலைக்கு வழங்கப்பட வேண்டும். பாதுகாப்பு, திருட்டுத் தடுப்பு ஆகியவை தொடர்பான தகவல்களைப் பெறத் தகுதிச் சான்று தேவை. தயாரிப்பாளர்கள் எழுப்பும் பாதுகாப்பு அச்சத்துக்குத் தகவலை மூடிவைப்பது ஒன்றே விடையன்று என்பதை இவ்வேற்பாடு காட்டுகிறது.

சிற்றூர்ப் பட்டறைகளுக்கு வேண்டுவன

தகவல் திறந்துவிடப்பட்டாலும், அதைப் பயன்படுத்தும் ஆற்றல் பட்டறைகளில் வளர்ந்தாலன்றிப் பயன் விளையாது. பங்காருபேட்டை, இராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை போன்ற ஊர்களின் நிலையை மனத்திற்கொண்டு சில வழிகளைக் கருதலாம்.

முதலாவது, பயிற்சி. தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டாண்டுக் காலப் பயிற்சியாக நடைபெறுகிறது. அங்குப் பயிலும் மாணவர், பயிற்சிக்காலம் முடிவதற்குள் ஆறாம் நிலை விதிகளுக்கு உட்பட்ட என்ஜின் ஒன்றில் பழுதறிந்து பழகியிருத்தல் வேண்டும். மல்டிமீட்டரைக் கொண்டு மின்சுற்றைச் சோதித்தல் அவருக்கு ஸ்பேனர் பிடிப்பதைப் போல இயல்பாதல் வேண்டும். பட்டறையில் பல்லாண்டுகள் உழைத்துத் திறன்பெற்றும் சான்றிதழ் இல்லாத தொழிலாளருக்கு, பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டத்தின் கீழுள்ள முன்கற்றல் அங்கீகாரம் பயன்படக்கூடும். அவர்களுக்குக் குறுகிய கால மாலை வகுப்புகள் ஏற்றவை; பகல் வருமானத்தை இழந்து கற்க அவர்களால் இயலாது.

இரண்டாவது, மொழி. மின்சுற்று வரைபடங்களும் பணிக் குறிப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் இவ்வட்டாரத் தொழிலாளர்க்கு அவரவர் மொழியில் கைநூல்கள் தேவை. அவை பட்டறையில் வழங்கும் சொற்களையே கையாளுதல் நலம்.

மூன்றாவது, கருவி. பல நிறுவனங்களின் கார்களுக்கும் உதவும் தரமான ஸ்கேனரையும், அதற்கு ஆண்டுதோறும் வேண்டிய மென்பொருளையும் தனியொரு சிறு பட்டறை வாங்குவது கடினம். பத்துப் பதினைந்து பட்டறைகள் ஒரு கூட்டுறவுச் சங்கமாக இணைந்தால் இச்செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். குறு, சிறு தொழில்களுக்கான திரள் மேம்பாட்டுத் திட்டத்தில் பொது வசதி மையம் அமைக்க உதவி அளிக்கப்படுகிறது. பழுதுபார்க்கும் பட்டறைகளும் இத்தகைய மையத்தைக் கோரத்தக்கவாறு மாவட்டத் தொழில் மைய அலுவலர்கள் வழிகாட்டலாம்.

நான்காவது, சட்டம். போட்டி ஆணையத்தின் ஆணை ஒரு வழக்கில் பிறந்தது. புதிதாகச் சந்தைக்கு வரும் ஒவ்வொரு காருக்கும், குறிப்பாக மின்சாரக் காருக்கும், அதே நெறி தாமாகவே பொருந்த வேண்டுமாயின், ஐரோப்பாவில் உள்ளதுபோல வாகன ஒப்புதல் விதிகளிலேயே தகவல் அளிக்கும் கடமையைச் சேர்த்தல் பொருத்தமாகும்.

முடிவுரை

காரின் உரிமையாளர் எல்லாப் பழுதுகளையும் தாமே பார்த்துக்கொண்ட காலம் திரும்பப் போவதில்லை. அது திரும்ப வேண்டுவதும் இல்லை. ஆனால் தம் காரை யாரிடம் ஒப்படைப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இருத்தல் வேண்டும். அத்தேர்வு உண்மையானதாக இருக்க, அவரது ஊரிலேயே தகுதியுள்ள பட்டறை ஒன்று நிலைத்திருத்தல் வேண்டும். இல்லையெனில் சிறு பழுதுக்கும் வண்டியை வேற்றூருக்கு இழுத்துச் செல்லும் செலவு உரிமையாளர் மீது விழும். ஊர்ப் பட்டறையின் தொழிலாளி வேலையை இழப்பார். சீர்செய்யத்தக்க வாகனங்கள் காலத்துக்கு முன்பே கழிக்கப்படும். சுரங்கம் மூடப்பட்டதால் ஒருமுறை பிழைப்பை இழந்த வட்டாரம், தன் கைத்திறனையும் இழக்க நேருவது நாட்டுக்கு நட்டமாகும். தொழில்நுட்பம் விதிக்கும் கடினத்தைப் பயிற்சியால் வெல்வதும், வணிகம் விதிக்கும் தடையைச் சட்டத்தால் நீக்குவதும் ஒருங்கே நடைபெறுமாயின், அந்நட்டத்தைத் தவிர்க்கலாம்.